முழு மதிப்பெண் வாங்கிய தோள்

"இன்னும் மேல தூக்கணுங்களா, மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே மதுரன் வலது கையைக் காதோடு ஒட்டி நிமிர்த்தினான்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றிருந்த நிலக்ஷி அளவுகோலை மூன்றாவது தடவையாக வைத்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர். இப்படி ஒரு தோளைப் பார்க்க அவள் ஒரு மாதமாக மலை மலையாக அலைந்திருக்கிறாள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், தோள் மூட்டு நழுவுகிறவர்களுக்குச் சிறு துளை வழியாகச் சாவித்துளை அறுவை செய்வதில் பெயரெடுத்தவர். ஒரு தடவை செய்தும் மறுபடி நழுவினால் இரண்டாம் தடவையும் செய்வார். அப்படி இரண்டாம் தடவை செய்துகொண்டவர்கள் இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கொழும்பு மாநாட்டில் அவர் கட்டுரை வாசிக்க வேண்டும். அறுவைக்கு நாள் குறித்த பழைய பட்டியலைப் புரட்டிப் பதினொரு பெயர்களை எழுதி நிலக்ஷியிடம் கொடுத்தார். அவளும் ஹட்டன், தலவாக்கலை, கொத்மலை என்று பஸ் ஏறி இறங்கினாள்.

பத்துப் பேரைப் பார்த்து முடித்தபோது அவளுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. நான்கு பேருக்குத் தோள் மறுபடியும் நழுவியிருந்தது. அதில் ஒருவருக்குப் புரண்டு படுத்தாலே போதும், கழன்று கையோடு வந்துவிடும். மூன்று பேருக்குக் கை தோளுக்கு மேலே எழவில்லை. மற்ற மூவர் வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் தயாரித்த கேள்வித்தாளில் நீச்சலடிக்கும்போது வலிக்கிறதா என்று ஒரு கேள்வி. அதைக் கேட்ட ராக்காயி என்ற பெண், நீச்சலுக்கு நான் எங்கே போவேன், தண்ணீர்க் குடம் தூக்கும்போது வலிக்கிறதே, அதை எங்கே எழுதுவீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

டாக்டர் இதற்கெல்லாம் கலங்கவில்லை. கை தூக்க முடியாதவர்களுக்குத் தோள் நழுவியதா என்று மட்டும் கேட்டார். தூக்கினால்தானே நழுவும் என்றாள் நிலக்ஷி.

"அப்ப நழுவல்ல. வெற்றின்னு போடுங்க" என்றார்.

மறுபடி நழுவிய நான்கு பேரும் சொன்ன பேச்சுக் கேட்காதவர்களாம். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் ஓரமாக வைக்கச் சொன்னார்.

பதினோராவது ஆள்தான் மதுரன். ஒரு காலத்தில் தோட்டத்து வாலிபால் அணியில் ஓங்கி அடிக்கிறவன். அப்போது நழுவ ஆரம்பித்த தோள், முதல் அறுவைக்குப் பிறகும் நழுவியது. இப்போது வாலிபாலை விட்டுவிட்டு, கோவா என்கிற முட்டைக்கோசு மூட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கி லொறியில் அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக ஒரு தடவைகூட நழுவவில்லை என்றான். தினமும் காலையில் கூரைக் கம்பில் கயிறு கட்டி இழுத்துப் பயிற்சி செய்வதாகவும் சொன்னான். தாளில் முழு மதிப்பெண் விழுந்தது.

டாக்டருக்கு வந்த சந்தோஷத்தில் நிலக்ஷிக்கே தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். கயிற்றுப் பயிற்சியை அவள் சொன்னபோது, பயிற்சியெல்லாம் பேருக்கு, தான் போட்ட தையல்தான் காரணம் என்றார். மதுரனின் படத்தைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் போடச் சொன்னார்.

அந்த வாரக் கிளினிக்குக்கு மீனம்மா வந்திருந்தாள். கொழுந்து பறிப்பவள். போன வருடம் தோளில் அறுவை செய்தும், கூடையை முதுகுக்கு ஏற்றும்போது மறுபடி கழன்றுவிட்டது. கை சரியாகும்வரை மலைக்கு வரவேண்டாமென்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டார். இரண்டாம் அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்லி டாக்டர் வற்புறுத்தினார். அவளுக்குப் பயம். நான்கு கிளினிக்காகப் பேனாவைத் தொடாமல் திரும்பிப் போயிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க மிஸ், செஞ்சுக்கவா?" என்று ஒவ்வொரு தடவையும் நிலக்ஷியைத்தான் கேட்பாள். அந்தப் பத்துப் பேர் கண்முன்னே வர, நிலக்ஷி எதையாவது சொல்லி மழுப்புவாள். இந்தத் தடவை மதுரனை நினைத்துக்கொண்டு, செஞ்சுக்கங்க என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. கண்ணாலேயே பார்க்கட்டும் என்று மதுரனுக்கும் ஆளனுப்பி வரவழைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவன், எதற்கு என்று கேட்காமல், சொன்னபடி கையைத் தூக்கினான்; சுழற்றினான்; மூலையில் கிடந்த ஒட்சிசன் சிலிண்டரைக்கூட அலுங்காமல் தூக்கி வைத்தான். பயிற்சிக்கு வந்த மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள்.

"பாத்துக்கங்க மீனம்மா. ரெண்டாந்தடவ நான் செஞ்ச தோள் இது" என்றார் டாக்டர்.

மறுபடி தூக்கிய மதுரனின் கை பாதியில் நின்றது. அவன் டாக்டரைப் பார்த்தான், பிறகு நிலக்ஷியைப் பார்த்தான்.

மீனம்மா பேனாவை எடுத்துவிட்டாள். தாளில் வைக்கும் முன்பு, ஒரே ஒரு சந்தேகம் என்பதுபோல மதுரன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது தடவ ரொம்ப நோவுமா, தம்பி?"

மதுரன் கையை மெல்லக் கீழே இறக்கினான்.

"தெரியாதுங்கக்கா. அன்னைக்கி ரெண்டாவது ஆப்பரேசனுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வந்ததுமே, நான் பயந்து ஆஸ்பத்திரி வாட்டு பின்வாசல் வழியா லயத்துக்கு ஓடியாந்துட்டேன்."