வழுக்காத கிளட்ச்

"ஓடுற ஷாஃப்ட்டை நிறுத்தினாத்தான் போட முடியும்னா, அந்த கிளட்ச் நமக்கு எதுக்கு முதலாளி? அழகு பார்க்கவா?"

ஃபோர்மேன் கேட்டது முதலாளியை. குத்தியது எதிரே இருந்த இன்ஜினியரம்மாவை.

ரப்பர் அரைக்கும் இரட்டை உருளையை, மோட்டார் சுழற்றுகிற ஷாஃப்ட்டோடு சேர்க்கிற கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. சுமை ஏறினால் வழுக்கியது. பலமானதாக வேறு வாங்க வேண்டும்.

தட்டோடு தட்டு உரசிப் பிடிக்கிற கிளட்ச் போதும் என்றார் ஃபோர்மேன். ஷாஃப்ட் ஓடும்போதே போடலாம், வேலை தடைப்படாது. பல்லோடு பல் கோத்துக்கொள்கிற கிளட்ச்தான் வேண்டும் என்றார் இன்ஜினியரம்மா. அதற்கு ஷாஃப்ட் நிற்க வேண்டும்.

"பல் கிளட்ச் எவ்வளவு சுமைக்கும் வழுக்காது சார். அதோட, இந்தச் சுமையைத் தாங்குற அளவுக்குப் பெரிய தட்டு கிளட்ச் அந்த இடத்துல கொள்ளாது."

"கொள்ளாதா? நானே அளந்து பார்த்தேன். தாராளமாக் கொள்ளும்."

இன்ஜினியரம்மாவின் முகம் சுண்டியது. ஆனாலும் விடவில்லை.

"மோட்டார் சுவிட்சையும் உருளைக்காரர் கைக்கு எட்டுற மாதிரி மாத்திடணும் சார். அவர் போட்டாத்தான் ஓடணும்."

"கிளட்ச்சைப் போட்டு உருளையை ஓட விடுறது நான்தானே? அப்போ நான் எதுக்கு? கொட்டாவி விடவா?"

முதலாளிக்குத் தலை வலித்தது. "வெளியே போய்ப் பேசி ஒரு முடிவோட வாங்க. இன்னிக்கே ஆர்டர் போடணும்."

வாசலைத் தாண்டியதும் ஃபோர்மேன் பிடித்துக்கொண்டார்.

"மறைக்காம சொல்லுங்க இன்ஜினியரம்மா. பல் கிளட்ச் விக்கிறவர் உங்களுக்கு மாமனா, மச்சானா?"

இன்ஜினியரம்மா உருளைப் பக்கம் கையைக் காட்டினார். மெஷின் நின்றிருந்தது. உருளைக்காரர் முதுகைக் காட்டியபடி குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேனின் தங்கை கணவர்தான்.

"அவரைக் கூப்பிடுங்க."

"அவனையா? திரும்பினாத்தானே! கொஞ்ச நாளாவே துரைக்குக் காத்து மாறி அடிக்குது. தங்கச்சி முகத்துக்காகப் பொறுத்துக்கிட்டிருக்கேன்."

"ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

"மாப்ளே!"

அசைவில்லை.

"யோவ், மாப்ளே!"

கூரைத் தகடு அதிர்ந்தது. கொட்டகையின் மறுகோடியில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பார்த்தீங்களா திமிரை?"

"திமிர் இல்லைங்க. காது கேக்கலை."

இன்ஜினியரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"கிளட்ச் போடுறதுக்கு முன்னாடி 'விடுறேன்'னு நீங்க கத்துறப்போ உங்க வாயைப் பார்த்துத்தான் கையை எடுக்கிறார். நேத்து நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுக் கத்தினீங்க. அவர் கை உருளைமேலேயே இருந்தது. பழைய கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிச்சதால கையை வெளியே எடுத்துக்கிட்டார். புது தட்டு கிளட்ச் வழுக்காது, போட்டதுமே கையோட இழுத்துடும். பல் கிளட்ச்னா ஷாஃப்ட் நின்னிருக்கும், அவரே சுவிட்சைப் போட்டாத்தான் உருளை ஓடும்."

ஃபோர்மேன் உருளையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கை இரண்டு உருளைகளுக்கும் நடுவே துணியைத் திணித்துக்கொண்டிருந்தது.

"இதை உள்ளேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா முதலாளி நாளைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிடுவார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். முக்கியமா உங்ககிட்ட. தங்கச்சி காதுக்குப் போயிடுமாம்."

ஃபோர்மேன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று நடந்து முதலாளியின் அறைக்குள் நுழைந்தார்.

"என்னய்யா, சண்டை முடிஞ்சுதா?"

"பல் கிளட்ச்சே வாங்கிடுங்க முதலாளி. இன்ஜினியரம்மா சொன்னதுதான் சரி. தட்டு கிளட்ச் அங்கே கொள்ளாது, நான்தான் தப்பா அளந்துட்டேன்."