மறுபக்கத்துக் கற்கள்

விசில் கேட்டதும் திரும்பிவிட வேண்டும் என்பது பயிற்சி தரும் கணவன் ராயப்பனின் கட்டளை. அடிவாரத்தில் நின்று அவன் ஊதுவான். மூச்சு முட்ட மிதித்தேறிய ஜெசிந்தா, சைக்கிள் நின்ற இடத்தில் வியர்வை சொட்டும் கையால் ஒரு கல்லை வைத்துவிட்டு, மிதிக்காமல் இறங்கி இளைப்பாறி, மறுபடி ஏறுவாள். பாலைவனத்து மொட்டை மலையில் அவளுடைய கற்கள் நாளுக்கு நாள் மேலேறின. இன்று உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் விசில் அலறியது.

"திரும்புடி! உச்சியப் பாத்துட்டா கால் அடங்கிப்போயிரும்!"

"அடங்குனா அடங்கட்டும்யா!" என்று கத்திக்கொண்டே மிதித்தாள்.

உச்சியில் நின்று மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தச் சரிவிலும் கற்கள் ஒவ்வொன்றாய் மேலேறி வந்திருந்தன. கடைசிக் கல் அவள் சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே. கொளுத்தும் வெயிலில் குனிந்து அதைத் தொட்டாள். விரல் ஈரமானது.