ஓட்டுபவர் எடை

"எழுபது கிலோவுக்கு வைங்க தம்பி. என் பையன் வெயிட் அதுதான்" என்றார் பெரியவர்.

காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காலையில் அவர்தான் வீட்டுக்குப் போய் ஓட்டிவந்தார். பையன் ஆசைப்பட்டு வாங்கிய புது ஸ்பிரிங்குகளை மாட்டியாகிவிட்டது. முன்பக்கம் எவ்வளவு இறக்கம், பின்பக்கம் எவ்வளவு ஏற்றம் என்று பிடிப்பதுதான் பாக்கி. ஓட்டுகிறவரின் எடை சீட்டில் இருந்தால்தான் அது சரியாக வரும். இல்லாவிட்டால் வளைவில் ஒரு பக்கமாகச் சாயும்.

"எழுபதுங்கிறது எப்ப எடுத்த வெயிட் ஐயா?"

பெரியவரின் முகம் சுருங்கியது. "ஆஸ்பத்திரில சேர்க்கறதுக்கு முன்னாடி. இப்ப நாப்பத்தஞ்சுதான் இருக்கான். அதனால என்ன? மருந்து முடிஞ்சு நாலு வேளை ஒழுங்கா சாப்பிட்டா ஏறிடாதா? எங்க குடும்பத்துல ஒல்லின்னு யாருமே கிடையாது."

அதற்கு அவர் உடம்பே சாட்சி. தொண்ணூறுக்குக் குறையாது.

மெக்கானிக் மணல் மூட்டைகளை எடை போட்டுச் சீட்டில் அடுக்கினார். ஒரு சுற்று திருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சரிப்படலை ஐயா, மூட்டை சரியுது. நீங்க உக்காருங்க."

"நானா? யானை மாதிரி இருக்கேன். அவன் அளவு தப்பிடுமே!"

"முதல்ல சுமாரா பிடிச்சுக்கலாம். கடைசில மூட்டையை வச்சுப் பாத்துடறேன். ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க, போதும்."

பெரியவர் அரை மனதோடு உள்ளே நுழைந்தார்.

"இதுல இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்ல தம்பி. 'சாவியைத் தொட்டீங்க, அவ்வளவுதான்'னு மிரட்டுவான்."

மெக்கானிக் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். ஸ்பிரிங் வளையத்தைத் திருகினார், காரை அழுத்திவிட்டார், டேப் வைத்து அளந்தார், மறுபடியும் திருகினார். சுமாராகப் பிடிக்கிற வேலைக்கு இந்த மெனக்கெடல் கொஞ்சம் அதிகம்தான்.

"பின்பக்கத்தை விட முன்பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கணும். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "டாக்டர் 'அடுத்த மாசம் பாக்கலாம்'னார். என்னத்தைப் பாக்கலாம்னு சொல்லலை. நான் நல்லதுன்னே எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கறது, சொல்லுங்க?"

மெக்கானிக் டேப்பைச் சுருட்டினார். "நல்லதே நடக்கும் ஐயா."

ஆஸ்பத்திரியில் உள்ளே விடும் நேரம் நெருங்கவே பெரியவர் இறங்கினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"எழுபது. மறந்துடாதீங்க. அவன் வந்து உக்காந்தா வித்தியாசமே தெரியக் கூடாது."

"சரிங்க ஐயா."

அவர் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்ற மெக்கானிக், மூட்டைகளைத் தூக்கி மூலையில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"தம்பி, காலைல நீங்க சொன்னபடியே முடிச்சிட்டேன். அப்பாவை உக்கார வச்சு அவர் வெயிட்டுக்கே பிடிச்சாச்சு. அவருக்குச் சந்தேகம் வரலை."

மறுமுனையில் சற்று நேரம் மூச்சு வாங்கியது. பிறகு மெலிந்த குரல் வந்தது.

"சீட்டையும் கொஞ்சம் பின்னால தள்ளி வச்சிடுங்கண்ணே. இனிமே அவர்தானே ஓட்டணும்."