மீன் கிடைக்கும் இடம்

செத்துப்போன அம்மாவின் கிமோனோவை மிட்சுயே கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். நீலத் துணியில் வெள்ளை வெள்ளையாக அம்பின் இறகுகள். முதுகுப் பக்கம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு கைதான்.

ஆத்திரத்தில் வெட்டவில்லை. அந்தத் துறைமுகத்தில் நைந்த துணியெல்லாம் கடைசியில் மீனுக்கு இரை கட்டும் சுருக்குப் பையாகத்தான் போகும். அதைத் தைப்பது பெண்டாட்டி வேலை. பை எங்கே கடலுக்குள் இறங்குகிறது என்று கேட்பது அவள் வேலை அல்ல. மீன் கிடைக்கும் இடத்தை அங்கே எந்த ஆணும் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டான். அவள் புருஷன் கன்சாகுவுக்கு மட்டும் கொழுத்த கலவாய் மீன் தப்பாமல் கிடைக்கும். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

தெருமுனை ஒலிபெருக்கி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. போரில் விழுந்த வீரரின் விமானம் இன்று கரையேறுகிறதாம், எல்லோரும் வர வேண்டுமாம்.

"வீரராம். இத்தனை வருஷமா இந்த வீரன் ஞாபகம் எவனுக்கும் வரலை. பஸ் பஸ்ஸா ஆள் வரும்னு தெரிஞ்சதும் வந்துடுச்சு" என்றாள் மிட்சுயே.

அந்த வீரன் அவள் தம்பி யசுவோ. போரின் கடைசிக் கோடையில் அவன் விமானம் கடலில் விழுந்தது. ராணுவம் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்றை அனுப்பியது. திறந்தால் உள்ளே ஒரு கூழாங்கல். அதைத்தான் கல்லறையில் வைத்தார்கள். அம்மா சாகும்வரை சாயங்காலமானால் கரைக்குப் போய், திரும்பும் ஒவ்வொரு படகிடமும் "ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?" என்று கேட்டாள். மருமகன் படகையும் விடவில்லை.

கடலடியில் கம்பி பதிக்க வந்த வெளியூர்க் கப்பல்தான் கடைசியில் விமானத்தைக் கண்டுபிடித்தது. அதைக் கரையேற்றிக் காட்சிக்கு வைக்கலாம் என்று மேயர் துள்ளிக் குதித்தார். மீனவர் சங்கக் கூட்டத்தில் எதிர்த்து எழுந்தவர் கன்சாகு ஒருவர்தான். "பையன் நிம்மதியாத் தூங்கட்டும். தோண்டி எடுத்துக் கண்காட்சி வைக்காதீங்க" என்றார். சங்கமே சிரித்தது. மிட்சுயே அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். இந்த ஊரில் மனுஷன் என்று ஒருத்தராவது இருக்கிறாரே, அவர் தன் புருஷனாகவும் இருக்கிறாரே என்ற பெருமை.

"கிளம்புங்க, போகலாம்."

"எனக்கு அதைப் பார்க்க மனசு வரலை."

"எனக்கு மட்டும் வருதா? மேயர் என்னைப் பேசச் சொல்லியிருக்கார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கப் போறேன். நீங்க என் பக்கத்துல நிக்கணும்."

கன்சாகு செருப்பைத் தேடுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் விமானம் சேறும் சிப்பியுமாகக் கிடந்தது. அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒகாபே என்ற பெண், ஆள் வைத்து அதன் மேல் விடாமல் நல்ல தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். உப்பு ஊறிய அலுமினியம் அப்படியே காய்ந்தால் பொடிப்பொடியாகிவிடும். மேயர் கறுப்புக் கோட்டில் வந்து, தீட்டுக் கழிப்பதற்காகக் கை நிறைய உப்பை அள்ளி இறக்கை மேல் வீசினார்.

"ஐயா, உப்பைக் கழுவத்தான் இத்தனை தண்ணி" என்றாள் ஒகாபே பல்லைக் கடித்துக்கொண்டு.

"சம்பிரதாயம்மா" என்று மேயர் இன்னொரு கை அள்ளினார். முதல் கையைப் புகைப்படக்காரர் தவறவிட்டிருந்தார்.

இந்த ஆள் மண்டைக்குள் இருப்பதும் உப்புதான் போல என்று நினைத்துக்கொண்டாள் மிட்சுயே.

ஒகாபே அவளிடம் வந்து, துருவேறிய சின்னக் கொக்கி ஒன்றைக் கொடுத்தாள். "இருக்கையோட இடுப்புப் பட்டையில இருந்ததும்மா. அவரோடதுன்னு இது ஒண்ணுதான் கிடைச்சுது."

மிட்சுயே இரண்டு கையாலும் வாங்கினாள். கூழாங்கல்லை எடுத்துவிட்டு இதை வைக்கலாம். அம்மா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கக் கூடாதா?

"இன்னொண்ணும் இருக்கு." ஒகாபேயின் குரல் கடுத்தது. அவள் ஒரு தட்டை முன்னால் வைத்தாள். "முன்பக்கக் காற்றாடியில இதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க. அதுக்கடியில மட்கின பழைய கயிறு கத்தை கத்தையா. யாரோ வருஷக்கணக்கா முங்கி முங்கிக் கட்டியிருக்காங்க. இது விமானம்னு கண்ணால பார்த்துக்கிட்டே கட்டியிருக்காங்க."

மேயர் ஒலிவாங்கியில் பொங்கினார். "செத்தவன் மடியில இரை வெச்சு மீன் பிடிச்சிருக்கான் ஒரு பாவி. சத்தியமா அவன் நம்ம ஊர்க்காரனா இருக்க மாட்டான்." பிறகு ஒலிவாங்கியை மிட்சுயேயிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா."

தட்டில் சேறு வழிய ஒரு சுருக்குப் பை கிடந்தது. ஒகாபே அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். நீலம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றியதும் வெள்ளையாக ஓர் அம்பின் இறகு தெரிந்தது.

ஊரைக் கேட்பதற்காக மிட்சுயே எடுத்துவைத்திருந்த நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். கன்சாகு அவள் நிற்கச் சொன்ன இடத்திலேயே, தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"தைச்சது நான்தான். கட்டினவர் இதோ நிக்கிறார்."