நீட்டிய கை

கலேவெலப் பக்கத்து மத்ரஸாவின் தகரக் கூரையில் அஸர் தொழுகை நேரத்துப் பிற்பகல் வெயில் காய்கிறது. மூன்றாம் நாளும் குர்ஆன் சூராவைப் பாடமாக்காமல் வந்து நிற்கிறாள் எட்டு வயது ருஸ்தா. ஸஜீதா டீச்சரின் பிரம்பு உயர்கிறது. சின்ன உள்ளங்கை தானாகவே நீள்கிறது. "கோபம் வந்தா உக்காரணும்னு நபியவங்க சொன்னதை நேத்து நீங்கதானே டீச்சர் சொல்லித் தந்தீங்க?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முக்காடுகளுக்குள் சிரிப்பு எழுந்து அடங்குகிறது. ஸஜீதாவுக்குக் காது சுடுகிறது. பிரம்போடு பாயில் உட்காருகிறாள். கோபம் போகவில்லை. நீட்டிய கை இப்போது அவள் முகத்துக்கு நேரே இருக்கிறது. தேங்காயெண்ணெய் மணக்கிறது. அடி உறைக்காமலிருக்க ருஸ்தா வீட்டிலேயே பூசிக்கொண்டு வந்திருக்கிறாள். ஸஜீதா பிரம்பைப் பாய்க்கு அடியில் தள்ளுகிறாள். "கையை மடக்கு புள்ள." விரல்கள் மடங்கவில்லை.