மாடி ஜன்னலுக்குத் தெரியும்படி

அன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பெய்ஜன் எனக்கு முன்பே எழுந்து கழியைப் பிடித்துவிட்டாள்.

எங்கள் சந்தில் நன்றாக வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. குழாயடிக்கு மேலே, இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே போட்ட மூங்கில் கழி. அதிலும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும்தான்.

மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் சூஜோவில் இருந்துவிட்டு, முந்தின நாள் மாலைதான் ஷாங்காய் திரும்பியிருந்தேன். பூட்டிக் கிடந்த அறையில் மெத்தை, போர்வை எல்லாம் பூஞ்சை வாடை. ஒரு வாரமாக மழையாம். அன்றுதான் வெயில்.

கழி முழுக்கப் பெய்ஜனின் படுக்கை விரிப்பு.

அவள் புருஷன் கெங்ஷெங் பக்கவாதம் வந்து கீழறையில் படுத்து இரண்டு வருடம். தினமும் விரிப்பைத் துவைக்காமல் முடியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சண்டை போடுவேன்.

"இந்தக் கழிய உங்கப்பன் வீட்டுச் சீராக் கொண்டுவந்தியா?" என்று கத்திக்கொண்டே விரிப்பைப் பிடித்து இழுத்தேன். அது சொத்தென்று ஈரத் தரையில் விழுந்தது.

பெய்ஜன் ஓடி வந்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. என்னை ஓட்டை ஒலிபெருக்கி என்பாள்.

அன்று குரலே எழவில்லை. "எடுத்து மாட்டுங்கக்கா. மேல பாத்துட்டு இருக்காங்க."

மாடி ஜன்னலில் அவள் மாமியார். எண்பத்தாறு வயது. படி ஏணி மாதிரி செங்குத்தானது. மகனால் ஏற முடியாது, தாயால் இறங்க முடியாது. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போன குளிர்காலத்தில் அவனுக்குப் பேச்சும் போனது. கீழிருந்து "அம்மா" என்று கூப்பிடுவதும் நின்றது.

விரிப்பில் சேறு. மறுபடி அலசலாம் என்று குழாயடியில் விரித்தேன்.

நடுவில் கறை இல்லை. எத்தனை சோடா போட்டாலும் போகாத அந்த மஞ்சள் வட்டம் இல்லவே இல்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்த கோடுகள்கூட அப்படியே இருந்தன.

"யாரும் படுக்காத விரிப்ப எதுக்குடி துவைக்கிற?"

பெய்ஜன் குழாயை முழுவதும் திறந்துவிட்டாள். தண்ணீர் இரைச்சலுக்குள் சொன்னாள்.

"பன்னெண்டு நாளாச்சுக்கா. ராத்திரி அத்தை தூங்கறப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், அங்கயே போயிட்டாரு. அங்கேருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டோம். சந்துல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் சொல்ல ஆளில்ல."

"அவங்ககிட்ட?"

"எப்படிச் சொல்றது? கண்ணு முழிச்சதும் ஜன்னலுக்கு வந்து விரிப்பு தொங்குதான்னுதான் பாப்பாங்க. பாத்த பிறகுதான் கஞ்சி. மொத நாள் சும்மா நனைச்சு மாட்டினேன். அப்புறம் நிறுத்த முடியல. மழையில கூட மாட்டினேன்."

விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம். அவள் விரல் வெடிப்புகளில் தோல் வெளுத்து ஊறியிருந்தது.

"ஏ சூ! வந்துட்டியா?" மேலிருந்து கிழவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பேரனா, பேத்தியா?"

"பேத்திம்மா!"

"உன் வாய் இல்லாம இருந்தாச் சரி." கிழவி தானே சிரித்துக்கொண்டார். பிறகு ஜன்னலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இவகிட்ட கேட்டா மழுப்புறா. அவன் இடுப்புக்குக் கட்டுற துண்டுத் துணிங்க, பத்து நாளா எங்கயுமே தொங்கலையே?"

பெய்ஜனின் கை நின்றது.

பழைய விரிப்புகளைக் கிழித்துச் செய்த துணிகள். நாளுக்குப் பதினைந்து, இருபது. சுவரோரக் கொடியில் வரிசையாகக் காயும். விரிப்பை நினைவு வைத்திருந்தவள் அவற்றை மறந்தே போயிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. அவர் முகம் தெரியவில்லை.

"அவனே எழுந்து போறானா?"

குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

இந்தச் சந்திலேயே பெரிய வாய் எனக்குத்தான். ஆனாலும் அந்த வார்த்தைகள் வெளியே வர நேரமாயிற்று.

"ஆமாம்மா. செவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போறான்."

"அப்படியா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தலை உள்ளே போனது.

மேலே ஏதோ பெட்டி இழுபடும் சத்தம். பெய்ஜன் விரிப்பின் ஈர முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு, காய்கறி வாங்க இறக்குகிற கூடை கயிற்றில் ஆடி ஆடிக் கீழே வந்தது.

உள்ளே ஒரு ஜோடி துணிச் செருப்பு. ஆண்கள் அளவு. கைத்தையல். அடிப்பகுதியில் நூல் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"தரையெல்லாம் ஈரம். வெறுங்காலோட நடக்க விடாதீங்க."

பெய்ஜன் கூடையின் பக்கம் திரும்பவே இல்லை.

நான்தான் செருப்புகளை எடுத்தேன். எடுத்துக்கொண்டேன் என்று தெரிய, கயிற்றை இரண்டு முறை இழுத்துவிட்டேன்.

கூடை மேலே போனது.