நீக்கப்படாத பதிவு

சமையல்காரர் வைரக்கண்ணுவின் சாம்பாரில் பருப்பைத் தேடப் படகு வேண்டும் என்று ஊரின் இணையதளத்தில் யாரோ எழுதிவிட்டார்கள். எழுதியவர் பொய்ப்பெயரில் ஒளிந்திருந்ததால், தளத்தை நடத்தும் ஜெசிந்தாவின் மேல் வைரக்கண்ணு வழக்குப் போட்டார். ஜெசிந்தா தோற்றால் தளத்தையே மூட வேண்டியிருக்கும். ரத்தம் வேண்டுவோரும் ஆடு தொலைத்தோரும் ஓடி வருவது அங்கேதான்.

"நீக்கச் சொல்லி இவர் கேட்டாரா?" என்றார் நீதிபதி.

"கேட்டாருங்க ஐயா" என்றார் ஜெசிந்தா.

"ஏன் நீக்கலை?"

"நீக்கினா கீழே மத்தவங்க எழுதின பதிலும் சேர்ந்து போயிடும். அண்ணன் முதல் வரியிலேயே கோவிச்சுக்கிட்டாரு. மீதியைப் படிக்கவே இல்லை."

பதில்களை வாசிக்க உத்தரவானது. நீதிமன்ற எழுத்தர் சாட்சியம் படிக்கும் அதே தட்டையான குரலில் தொடங்கினார்.

"படகுக்காரா, எங்க அக்கா கல்யாணத்தில் சம்பந்திச் சண்டையை நிறுத்தியதே அவர் வத்தக்குழம்புதான். சண்டைக்கு வந்தவர்கள் இலையை விட்டு எழவில்லை."

வக்கீல்கள் சிரித்தார்கள். எழுத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் எங்கப்பா கேட்டது என்னை இல்லை, வைரக்கண்ணுவின் ரசத்தை."

வாசலில் நின்ற காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். வைரக்கண்ணு தரையைப் பார்த்தபடி நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"இன்னும் நிறைய இருக்கு ஐயா" என்றார் எழுத்தர்.

நீதிபதி வைரக்கண்ணுவிடம் திரும்பினார். "என்ன சொல்றீங்க, நீக்கச் சொல்லிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றார் அவர். "வெளியே என் சம்சாரம் நிக்குது. அதை உள்ளே கூப்பிட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து படிக்கச் சொல்றீங்களா?"